தனக்கோடி ஹவில்தாரின் ஒரே சட்டம்

"சாவ்தான்! நூலைத் தொய்ய விடாதடா!"

பட்டுப் பாவு நீட்டும் தெருவில் வெயில் ஏறுவதற்கு முன்பே தனக்கோடி ஹவில்தாரின் குரல் ஏறிவிடும். நூலை இழுத்துப் பிடிக்கிற நெசவாளிகள் எல்லைக் காவலில் நிற்பதுபோல விறைத்து நிற்க வேண்டும். பென்ஷனோடு ஆரணிக்கு வந்து வீட்டில் இரண்டு தறி போட்ட மனிதர். மீசையை மட்டும் பட்டாளத்திலிருந்து விடுவிக்கவில்லை.

லீவில் வந்து திரும்பாத பட்டாளத்துப் பையன்களுக்கு அவர்தான் எமன். சேதி காதில் விழுந்தால் போதும், வாசலில் போய் நிற்பார். "தானா போய் நின்னா திட்டோட போவும். புடிச்சிகினு போனா ஜெயிலு. ஜல்தி கெளம்பு!" காட்பாடியில் ரயிலேற்றிவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

பட்டாளத்தில் இருந்தபோது, ஓடிப்போய் மாட்டியவர்களுக்குக் காவல் நின்றவர் அவர். ஒரே ரயிலில் ஓடிய இருவரை ஒருமுறை விசாரித்தார்கள். அம்மாவுக்குக் கொள்ளி போட ஓடினவனுக்குச் சிறை. பெரிய அதிகாரியின் நாக்குக்கு ஏற்றபடி கறி சமைப்பவனுக்கு ஓர் அதட்டல், அவ்வளவுதான். "கொழம்பு நல்லா வெச்சா குத்தம் கொறைஞ்சிடுமாய்யா?" என்று இன்றைக்கும் டீக்கடையில் பொருமுவார். பாவம், அந்த வயிற்றெரிச்சல்தான் அவரை ஊருக்கே நீதிபதி ஆக்கியது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பார்.

இந்த ஐப்பசியில் பக்கத்துத் தெரு கன்னியம்மாளின் மகன் முருகேசன் மாட்டினான். "நோம்பு முடியட்டும்ணா, ஒரு அதிரசம் தின்னுட்டுப் போவட்டும்," என்று அவள் காலில் விழாத குறை.

"சட்டம் தீவாளிக்கு லீவு போடாது தங்கச்சி," என்று பையனை பஸ் ஏற்றினார் ஹவில்தார்.

வினையைப் பாருங்கள், தலைதீபாவளிக்கு வந்த அவருடைய மருமகன் தருமனும் பட்டாளத்துக்காரன். பண்டிகை முடிந்தது, லீவும் முடிந்தது; மருமகன் அசையவில்லை. விருந்துக்கு வந்தவரைக் 'கிளம்பு' என்று எந்த மாமனார் சொல்வார்? மகள் ஆதிலட்சுமி வேறு முழுகாமல் இருந்தாள். "மருமவன் சோத்துல கை வெக்கறப்போ மொறைக்காதீங்க," என்று மனைவி காசியம்மாள் முன்கூட்டியே உத்தரவு போட்டுவிட்டாள்.

"மாப்ளைக்கு ஜுரம்பா," என்றார் ஹவில்தார், டீக்கடையில். ஜுரக்காரர் வீட்டுக் கோழிக்குழம்பு தெருமுனை வரை மணந்தது. பேச்சு கிளம்பவே, பாவு நீட்டும் பக்கம் தலைகாட்டுவதையும் நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் மதியம் கன்னியம்மாள் வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அவள் கையில் தட்டு நிறைய அதிரசம்.

"எம்புள்ளைக்குத்தான் குடுத்து வெக்கல. ஒங்க மருமவனாவது தின்னட்டும்ணா," என்று வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஹவில்தாருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. சமையல்காரனைத் தப்பவிட்ட அதிகாரிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? உள்ளே போனார். மருமகன் ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, சாயந்தர பஸ்ஸுக்குக் கெளம்பணும்ங்க."

"நாளைக்குப் பாக்கலாம் மாமா," என்று தருமன் கரண்டிக்காக நிமிர்ந்தான். காசியம்மாள் ரசத்தோடு நின்றாள். கதவோரம் ஆதிலட்சுமி.

ஹவில்தார் குனிந்தார். சோறு இருக்க இருக்கவே இலையைப் பிடித்து மடித்தார். உறவு விட்டுப்போகக் கூடாதே என்று, மருமகன் பக்கமாகவே மடித்தார்.