ஒன்றரை மீற்றரில் பாறை

ஒஸ்லோவின் தரை என் உள்ளங்கை மாதிரி என்று இருபத்தைந்து வருடமாகப் பெருமையடித்துத் திரிந்தவன் நான். வீடுகளுக்கு நிலத்தடிச் சூடு எடுக்க ஆழமாகத் துளை போடும் இயந்திரத்தில் எனக்கு வேலை. துளையிலிருந்து பறக்கும் தூளைக் கையில் தேய்த்துப் பார்த்து அது எந்த இடம் என்று சொல்லிவிடுவேன். நகரத்தின் நடுவில் கறுப்பு. அந்தக் கல்லில் காற்றும் ஈரமும் பட்டால் வீங்கி, வீட்டின் தரையையே தூக்கும். ரொம்சோஸ் பக்கம் சிவப்பு, எரிமலைகள் இருந்த காலத்தில் உருகி இறுகியது. நாங்கள் இருக்கும் புருசெத்துக்கு மேலே மலையில் சாம்பல் நிற வரிப்பாறை, நூறு கோடி ஆண்டுக்கும் மேல் வயது. நடுப் பள்ளத்தில் கடல் விட்டுப்போன களிமண். வீட்டுக்குச் சாப்பிட வருபவர்களையும் நான் சும்மா விடுவதில்லை.

"உந்தக் கல்லுக் கதையை நிப்பாட்டுங்கோ, சனம் சாப்பிடட்டும்" என்பாள் மனைவி.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில்தான் அதையும் சொன்னேன். களிமண்ணில் தோண்டிய சவக்குழியில் தண்ணீர் வடியாது, பிரேதம் வருடக்கணக்காக உக்காமல் அப்படியே கிடக்கும் என்றேன். அவள் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை, என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டே இரண்டு விஷயம் கேட்டாள்.

"என்னைத் தண்ணிக்குள்ளை வைச்சிடாதேங்கோ. உங்கடை காலம் முடிஞ்சால் நீங்களும் என்ரை குழிக்குத்தான் வரவேணும். இந்தக் குளிர் நாட்டிலை என்னைத் தனிய விடாதேங்கோ."

"ஓம். ரெண்டும் செய்யிறன். நீர் யோசிக்காதையும்" என்றேன்.

இங்கே ஒரே குழியை ஆழமாகத் தோண்டி, கீழே ஒருவரையும் பிறகு மேலே மற்றவரையும் வைப்பார்கள். சேமக்காலை அலுவலகத்துப் பெண் வரைபடத்தை விரித்து, கீழ்ப்பக்கத்தில் இடம் காட்டினாள். நான் மேல் விளிம்பில் விரலை வைத்தேன். அங்கே சிலவேளை பாறை குறுக்கிடும், கீழே என்றால் நிச்சயம் என்றாள். கீழே களி, எனக்குத் தெரியும். மேலே இரண்டரை மீற்றர் மண் இருக்கிறது, வீதிக்கு அந்தப் பக்கம் நானே துளை போட்டிருக்கிறேன் என்று சண்டை பிடிக்கிற குரலில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

அடக்கத்துக்கு முதல் நாள் மத்தியானம் அந்த அலுவலகத்துப் பெண்ணே தொலைபேசியில் அழைத்தாள். ஒன்றரை மீற்றரில் பாறை வந்துவிட்டது, ஒரு பெட்டிக்குத்தான் ஆழம் காணும் என்றாள். பக்கத்து இடமும் அப்படித்தானாம், அதை வெறுமையாகவே விடப்போகிறார்களாம்.

நான் வீட்டிலிருந்த இரும்பு அலவாங்கைக் காரில் போட்டுக்கொண்டு போனேன். ஐப்பசி மழை. யாரையும் கேட்காமல் குழிக்குள் இறங்கிக் குத்தினேன். தனியே கிடக்கும் உருண்டைக்கல் என்றால் மந்தமாகக் கேட்கும். இது கணீரென்று கேட்டது. பத்து இடத்தில் குத்தினேன், பத்திலும் அதே சத்தம். இயந்திரத்தால் உடைக்கலாம், ஆனால் அக்கம்பக்கத்துக் குழிகளில் கிடப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள். கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் காலைப் பார்த்தேன். சப்பாத்து மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். மலையில் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கி, பாறையின் முதுகில் வழிந்து, பள்ளம் கண்ட இடத்தில் வந்து நிற்கும். வேலைக்கு வரும் புதுப் பொடியன்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அது. என் மனைவிக்கு இடம் தேடியபோது எனக்கு அது நினைவு வரவில்லை. களிக்குப் பயந்து ஓடிப்போய் அவளைப் பாறையில் ஒரு தொட்டிக்குள் வைக்கப் பார்த்தேன்.

அலுவலகத்துப் பெண் குடையோடு வந்தாள். காலையில் இறைத்துவிடுவோம், யாருக்கும் தெரியாது என்றாள். கீழ்ப்பக்கத்தில் இரட்டைக் குழி இடம் இன்னும் இருக்கிறது, ஆனால் நாளைக்குத் தோண்டி முடியாது என்றும் சொன்னாள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். மகள் நான்கு நாளாகக் கண்மூடவில்லை. போதும், முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. இங்கேயே வையுங்கள் என்றேன். மறுநாள் பங்குச் சுவாமி ஜெபம் சொல்ல, பெட்டியை இறக்கினார்கள். எல்லோரும் பூ போட்டார்கள். நான் குழிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருமுறை வைத்தால் இந்த நாட்டில் இலேசில் எடுக்க விடமாட்டார்கள். குளிர்காலம் முழுக்க அந்த அலுவலகத்துக்கு நடந்தேன். பாறையை நீங்கள் மாற்ற முடியாது, உங்களைத்தான் மாற்றலாம் என்றாள் அந்தப் பெண், தயவாகத்தான். எரித்து வரும் சாம்பல் பெட்டி என்றால் சின்னது, என் மனைவிக்கு மேலே வைக்க ஆழம் காணும்.

நாங்கள் ஊரில் தீவுப்பகுதிக் கத்தோலிக்கர். இப்போது திருச்சபை தடுப்பதில்லை என்று சுவாமி சொன்னார். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஒருவரையும் நெருப்பில் வைத்ததில்லை. எனக்கு நெருப்பென்றால் பயம், அதை ஒளிப்பதற்கில்லை. மூன்று மாதம் யோசித்தேன். பிறகு என்னை எரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டு, கடுதாசியை மகளிடம் கொடுத்தேன்.

"இது என்ன படிவம் அப்பா?" என்று வாங்கி வாசித்தாள். வாசித்து முடித்து என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கு இது விருப்பமா இருக்குமா?"

"தெரியாது. தனிய விட்டிடாதேங்கோ எண்டுதான் கேட்டவ."

அவள் என் தோளில் தலையை வைத்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்:

"நீங்கள் அந்த மேட்டிலை இடம் எடுத்தது நல்லதாப் போச்சப்பா. அம்மா தண்ணி இல்லாத இடத்திலை கிடக்கிறா."

"ஓம் பிள்ளை" என்றேன்.