கூர்ப்பும் மிளகாய்ப் புழுவும்

கல்பிட்டியில நம்மட விவசாய மருந்துக் கடைக்கு இண்டைக்கு ரெண்டு மிளகாய்த் தோட்டக்காரர் வந்தாங்க. பிள்ளைகள்ட விஞ்ஞானப் பாடத்துல வாற கூர்ப்பு, அதான் பரிணாமம், அதப் பத்தி வரும்போதே வாக்குவாதம்.

"உயிரெல்லாம் மாறி மாறித்தான் வந்தது. அதுவும் ஆண்டவர்ட வேலைதான் எண்டு எங்கட பாதரே சொல்றார்" எண்டார் அந்தோனி அண்ணன்.

"அல்லாஹ் படைச்சது படைச்சபடிதான் இருக்கும்" எண்டார் ஹனீபா நானா.

பிறகு அவரே என்னப் பார்த்து, "தம்பி, பழைய மருந்துக்குப் புழு சாகுதில்ல. அதுக்குத் தப்பினதுதான் பெருகித் தோட்டம் முழுக்க நிக்குது. புது மருந்து தாங்க."

"அப்ப புழு மாறிட்டுதா, நானா?" எண்டு கேட்டன்.

"அது புழு. நான் மனுசனச் சொல்றன்."

அந்தோனி அண்ணன் சிரிச்சார். "எனக்கு வழமையா வாங்குற பழைய மருந்தே போதும்" எண்டு வாங்கிக்கொண்டு போயிட்டார்.

இதுல கூர்ப்ப நம்புறவர் ஆர் எண்டு நீங்களே சொல்லுங்க.