கறுப்பு பொனட்டும் இரண்டு மெஷின்களும்

காரின் பொனட் ஓரத்தில் கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறம் தெரிந்ததும் ரோட்டரி பொலிஷ் மெஷினை நிறுத்தினேன். பெயின்ட் தேய்ந்து அடிப்பூச்சு வெளியே வந்துவிட்டது. நகத்தளவுதான். ஆனால் தேய்க்கப் பூசும் எந்தக் கொம்பவுண்டாலும் அதைத் திருப்ப முடியாது.

கார் காரைதீவுக் கணக்கு ஆசிரியர் ஒருவருடையது. நான்கு நாளில் மகளுக்குக் கல்யாணம். "பொம்பிளைய ஏத்தப் போற கார், காக்கா. முகம் பாக்கிற மாதிரி இருக்கோணும்" என்று சொல்லி விட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

மருதமுனையில் தகரக் கொட்டில் ஒன்றில் தனியாகத்தான் பொலிஷ் வேலை செய்கிறேன். பதினெட்டு வருஷமாக ரோட்டரிதான். மனைவி நஸீமா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சில நாட்களில் வாடிக்கையாளர் வராவிட்டால், பின்னேரம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

நாலு மாதத்துக்கு முன் நஸீமா பார்சலில் ஒரு டூவல் எக்‌ஷன் மெஷின் அனுப்பியிருந்தாள். ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். இது சுழன்றபடியே ஆடும். சூடு குறைவு, பெயின்ட்டை வெட்டுவதும் குறைவு. விளையாட்டுச் சாமான் என்று நினைத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அவள் கேட்டபோதெல்லாம் "பாவிக்கிறன்" என்று பொய் சொன்னேன்.

ஆசிரியருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். வந்தார். குனிந்து பார்த்தார்.

"இத மறைக்க ஏலாதா?"

"மெழுகு போட்டா கல்யாணத்துக்குத் தெரியாது, சேர். பிறகு தெரியும். பிழை என்ட. பொனட்டுக்குப் பெயின்ட் அடிச்சித் தாறன்."

அவர் காரை வெயிலுக்கு எடுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் கதவைக் காட்டினார்.

"இதென்ன, சிலந்தி வலை மாதிரி?"

ரோட்டரி போட்ட வட்டக் கோடுகள். கொட்டிலின் டியூப் வெளிச்சத்தில் அவை எனக்குத் தெரிந்ததே இல்லை. இத்தனை வருஷம் எத்தனை கார்களை இப்படி அனுப்பினேனோ.

அவர் போனபின் பெட்டியைப் பிரித்தேன். கதவின் நடுவில் டேப் ஒட்டி, ஒரு பாதிக்கு ரோட்டரி, மறு பாதிக்குப் புதியது. இரண்டுக்கும் ஒரே கொம்பவுண்ட்தான். புதியதற்கு மூன்று மடங்கு நேரம் எடுத்தது. வெயிலில் பார்த்தேன். அந்தப் பாதியில் ஒரு கோடும் இல்லை.

பொனட்டுக்குப் பெயின்ட் அடிப்பித்து, மற்ற இடமெல்லாம் புதிய மெஷினால் செய்து, கல்யாணத்துக்கு முதல் நாள் காரைக் கொடுத்தேன். ஆசிரியர் சுற்றிவர நடந்து பார்த்தார். "இப்ப சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை நஸீமா போன் எடுத்தாள். பொய்யையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"லீவு நாள்ல கடைக்குப் போய் மூணு மெஷினப் புடிச்சிப் பாத்த நான்," என்றாள். "எது நல்லா வெட்டும் எண்டு கேக்கல்ல. எதப் புடிச்சிக்கிட்டு நாள் முழுக்க நிக்கலாம் எண்டுதான் கேட்ட நான். உங்கட வலது தோள் நோகிறது எனக்குத் தெரியாதா?"

அந்த நோவை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எந்த மெஷின் நல்லது என்று தொழிலுக்குப் புதியவர்கள் கேட்பார்கள். ஆழமான கீறலுக்கு ரோட்டரி, மினுக்கத்துக்கு டூவல் எக்‌ஷன், ஓரங்களில் பெயின்ட் தேயாமல் டேப், கடைசியில் வெயிலில் ஒரு பார்வை என்று சொல்வேன். வாங்குமுன் கையில் பிடித்து நின்று பாருங்கள் என்றும் சொல்வேன். அது நஸீமா சொல்லித் தந்தது. அவள் ஒப்பந்தம் முடிந்து வர இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது.