விரல் கேட்ட கந்தோர்

பெற்றோலுக்கு ஊரே நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம்தான், கொக்கட்டிச்சோலை நெல் ஆலையில் எந்திரப் பட்டி என் இடது கையைப் பிடித்தது.

வழக்குப் பேசி முடித்தபோது, அந்தக் காயத்துக்கு எப்போது வைத்தியம் தேவைப்பட்டாலும் காப்புறுதிக் கந்தோர் செலவை ஏற்று அனுமதி தரும் என்று எழுதினார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் கையில் மிஞ்சியிருந்த பெருவிரலை வைத்தேன்.

இன்று அனுமதி கேட்டுப் போனேன். சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது. இந்த மாதம் கீறிச் சுத்தம் செய்யாவிட்டால் கையை முழங்கையோடு எடுக்க வேண்டுமாம்.

கந்தோர்ப் பிள்ளை பைலைப் புரட்டினாள்.

"ஐயா, அண்டைக்கு வெச்ச அதே விரல வைங்க."

"அத வெட்டுறதுக்குப் போன வருசம் அனுமதி தந்ததே நீங்கதானே, மகள்."

கையை மேசையில் வைத்துக் காட்டினேன்.

"எனக்கு விளங்குது ஐயா. ஆனா கையப் பைலுக்க வைக்க ஏலாதே."

அடையாள அட்டையை நீட்டினேன். அதில் விரல் இல்லையாம்.

"முதலே சொல்லியிருந்தா, வெட்டின விரல ஆசுபத்திரியில கேட்டு வாங்கியிருப்பனே!"

அவள் சிரிக்கவில்லை. அன்று நான் கைநாட்டு வைத்ததைப் பார்த்த சாட்சி ஒருவர் வந்து, இவர்தான் அவர் என்று சொன்னால் போதுமாம்.

சாட்சிகள் மூவர். யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகம். மனேச்சர் மாரடைப்பில் போனார். கணக்கப்பிள்ளையை டெங்கு கொண்டுபோனது.

மிச்சமிருப்பவன் காலில் விழுவதா, முழங்கையைக் கொடுப்பதா? நீங்களே சொல்லுங்கள். அவன்தான், என் கை உள்ளே இருப்பதைப் பார்த்துக்கொண்டே எந்திரத்தைப் போட்ட சின்னராசா.