பிளேட் கழுவும் அறையின் ஜன்னல்

வஜீதாவுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்கமாட்டாள், கையிலிருக்கும் வேலையைத்தான் இன்னும் வேகமாகச் செய்வாள் என்று அவள் தம்பி ரபீக் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த நம்பிக்கையில்தான் அவன் மோசம் போனான்.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்காவும் தம்பியும் பிளேட் கடை வைத்திருக்கிறார்கள். அரிசி மூட்டையின் மேல் மில் பேரும் படமும் அச்சாகிறதே, அந்த அச்சு மெஷினின் உருளையில் சுற்றி ஒட்டும் ரப்பர் மாதிரியான தகடுதான் பிளேட். வேலூரிலிருந்து படம் பதித்த ஃபிலிம் வரும். அதைத் தகட்டின் மேல் வைத்து ஊதா விளக்கைக் காட்டினால் வெளிச்சம் பட்ட இடம் இறுகும். மற்ற இடத்தை நெடியடிக்கும் சால்வென்ட் திரவத்தில் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். முன்னறையில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து வியாபாரம் பேசுவது ரபீக். பின்னறையில் கழுவுவது வஜீதா. புருஷன் வீட்டை விட்டு வந்த புதிதில், "சும்மாதானே கீறே, கொஞ்சம் கூடமாட செய்க்கா" என்று தம்பி ஒப்படைத்த வேலை அது. பதினாறு வருஷமாக அவள் தலையில்தான் இருக்கிறது.

அந்தப் பின்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து லாட்ஜிலிருந்து சண்டைக்கு வந்தார்கள். ரபீக் உடனே ஆணியடித்து மூடிவிட்டான். லாட்ஜுக்கு நிம்மதி. உள்ளே நிற்கிறவளுக்குத் தலைவலி, குமட்டல், கையெல்லாம் தோல் உரிகிறது. டாக்டர், "மாஸ்க் போடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்த நிலைமையில்தான் லேசர் மெஷின் பற்றி அவளுக்குத் தெரியவந்தது. ஃபிலிம் வேண்டாம், கழுவவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை லேசரே ரப்பரில் எரித்துச் செதுக்கிவிடும். ரபீக் அதை எடை போட்டான், போட்டான், போட்டுக்கொண்டே இருந்தான். கோடு கூர்மையாக விழுமா, சின்ன எழுத்து நிற்குமா, கரெண்ட் ஜாஸ்தி இழுக்குமா. அக்காவின் மூச்சைத் தவிர எல்லாவற்றையும் யோசித்தான்.

ஒரு சோதனையாவது செய்து பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்துச் சம்மதிக்க வைத்தாள். நெடுநாள் வாடிக்கையாளர் சக்கரவர்த்தியின் ரைஸ் மில் படம்: மலை, அதற்கு மேல் முழு நிலா. சென்னையில் லேசர் வைத்திருப்பவருக்கு அவளே படத்தை அனுப்பினாள். பிளேட் வந்தது, மூட்டையில் அடித்துப் பார்த்தார்கள்.

சக்கரவர்த்தி மூட்டையைத் தூக்கிப் பிடித்தார். "இன்னா பாய், நிலா முட்டை மாதிரி கீது? மலை வேற வளந்துடுச்சு! தெனம் பாக்கற மலைங்க இது, ஊர்ல சிரிப்பாங்க."

ரபீக்கின் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. தட்டையாகச் செதுக்கிய பிளேட் உருளையில் வளையும்போது இழுபட்டு நீளும். அதனால் படத்தை முதலிலேயே கொஞ்சம் குறுக்கிவிட வேண்டும். இத்தனை நாளும் வேலூர் ஃபிலிம்காரரே குறுக்கி அனுப்பிவிடுவார், அவள் மறந்தே போயிருந்தாள். தப்பு அவளுடையது. கிடைத்த ஒரே வாய்ப்பையும் தானே பாழாக்கிக்கொண்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. தம்பியிடம் சொல்லாமல், படத்தைக் குறுக்கி மறுபடி அனுப்பினாள்.

இரண்டாவது பிளேட் பௌர்ணமி அன்று காலையில் வந்தது. நிலா வட்டமாக நின்றது. சக்கரவர்த்தி பழைய ஃபிலிம் பிளேட்டில் அடித்த மூட்டையையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எது எதுன்னே தெரியலம்மா. இதுலயே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி என்ன சாக்கு சொல்வான் என்று வஜீதா தம்பியைப் பார்த்தாள். அவனிடம் ஒன்று மிச்சமிருந்தது.

"இல்லக்கா, மெஷின் வாங்கினா ரப்பர் எரியற புகைய கொழா வச்சு வெளிய உடணும். சந்துல கொழந்தைங்க கீது. லாட்ஜ் ஃபுல்லா கிரிவலம் வந்த ஜனங்க. அவங்க ஒடம்பு இன்னாத்துக்கு ஆவறது? பாவம் இல்லியா?"

பாவமாம்! யாரென்றே தெரியாத லாட்ஜ்காரர்களின் மூக்குக்கு இவன் கண் கலங்குகிறான். கூடப்பிறந்தவளுக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே இவனுக்குத் தெரியவில்லை.

வஜீதா எதுவும் பேசாமல் பின்னறைக்குப் போய்க் கையுறையை மாட்டினாள். வேலையைப் பார்க்கப் போகிறாள் என்று ரபீக் நினைத்தான். அவள் சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து ஜன்னல் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சால்வென்ட் தொட்டியின் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். ஜன்னலை விரியத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் லாட்ஜ் மேனேஜர் மணி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "பாய்! இன்னா நாத்தம் இது! இங்க மனுஷங்க இருக்கறதா வேணாமா?"

"நான் இங்கதாண்ணா இருக்கேன்" என்றாள் வஜீதா. "பதினாறு வருஷமா."

ரபீக் ஆணியைப் பொறுக்கிக்கொண்டு ஜன்னலை நோக்கிப் பாய்ந்தான். அவள் கையுறையைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"மூடுடா. நல்லா மூடு. ஆனா உள்ள நின்னு மூடு. மிச்ச பிளேட்டயும் நீயே கழுவு."

அவள் சந்தில் இறங்கி நின்றாள். உள்ளே ரபீக் சுத்தியலை ஓங்கினான், இருமினான், மறுபடி ஓங்கினான். பிறகு சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு வாங்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.