செவ்வாயின் படம் வந்த வாரம்

என் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் இடத்தில் இருந்தது. கட்டுகிறவன் செத்துப்போவான் என்று அதற்கு அர்த்தம். நாலு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம் தின்றார்கள். ஜாதகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

எனக்கு வயது இருபத்து நாலு. ஊர் அகரத்துப் பக்கம். திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் இலையிலிருந்து காம்பு கிழிக்கிற வேலை.

ஐந்தாவதாக எரியோட்டிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். பிடித்திருக்கிறது என்றார். அவர் அம்மா என் ஜாதகத்தை எங்கள் ஊர் ஜோசியரிடமே காட்டினார். ஜோசியர் பரிகாரம் சொன்னார். குளத்துக்கரையில் ஒரு வாழைக்கன்றை மாப்பிள்ளையாக நட்டு, அதன் பேரில் எனக்குத் தாலி கட்ட வேண்டும். பிறகு கன்றை வெட்ட வேண்டும். புருசன் செத்தாயிற்று. என் தாலியை அறுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு நான் முழுகி எழுந்தால் தோசம் தீர்ந்தது. ஆவணியில் வாத்தியார் கட்டலாம்.

அப்பாவுக்கு அவ்வளவு சந்தோசம். அன்றைக்கே கன்றுக்குச் சொல்லிவைத்தார்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அக்காவைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அவளுக்குப் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்று சொன்னவர் இதே ஜோசியர்தான். இரண்டாம் வருசம் அத்தான் கிணறு வெட்ட வைத்த வெடியில் போனார். இதே குளத்துக்கரையில்தான் அவள் தாலியை அறுத்தார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கழுத்து நடுங்கியது என் கைக்குத் தெரியும். அதையே எனக்குச் சடங்காகச் செய்யப் போகிறார்கள்.

கிட்டங்கியில் மத்தியானச் சோற்று நேரத்தில் கணக்கப்பிள்ளை பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். வெளிநாட்டுக்காரன் விட்ட கலம் ஒன்று செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்ப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறது என்று அந்த வாரம் வாசித்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். சாம்பலைக் கொட்டிப் பரப்பின மாதிரித் தரை. அதில் வட்ட வட்டமாகக் குழிகள். கேப்பைக்கூழ் கொதித்து அடங்கினால் மேலே நிற்குமே, அப்படி. எரிமலை வாயாக இருக்கலாம், கல் வந்து விழுந்த பள்ளமாகவும் இருக்கலாம் என்று போட்டிருந்தது. மரம் இல்லை. தண்ணீர் இல்லை. இந்தப் பொட்டலுக்குப் பயந்தா நாலு பேர் எழுந்து போனார்கள்?

பேப்பரைக் கேட்டேன்.

"எடுத்துக்க தாயி. வடை மடிக்கவா?"

"ஜோசியருக்குக் காட்ட."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சில வருசம் கழித்து இன்னொரு கலம் போய் அந்தக் கிரகத்தையே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தது. நிஜமான எரிமலைகளே அங்கே இருக்கின்றன என்று அப்போது தெரிந்தது. நம் சிறுமலையைத் தூக்கி ஒரு மூலையில் வைத்துவிடலாம், அவ்வளவு பெரிசு. உச்சியில் பிளந்த வாய். சரிவெல்லாம் நெருப்புக் குழம்பு ஓடிக் காய்ந்த தடம். எல்லாம் அணைந்து கிடந்தது. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இம்புட்டுப் பெரிய மலையே அவிந்து கிடக்கிறது, எரியோட்டுக்காரனைக் கொல்ல அதற்கு எங்கே தெம்பு?

முதல் படம் வந்த அந்த வாரமே, ஆடி வெள்ளி காலையில் குளத்துக்கரைக்குப் போனோம். கன்றுக்கு வேட்டி சுற்றி மாலை போட்டிருந்தார்கள். தட்டில் மஞ்சள் கயிறு. பக்கத்தில் அரிவாள். நான் பேப்பரை விரித்து ஜோசியரிடம் நீட்டினேன்.

"இதுல எங்கிட்டு இருந்து வந்து கொல்லும்? காட்டுங்க."

அவர் கோபப்படவில்லை. படத்தில் இருப்பது கல், தான் சொல்வது கிரகம் என்றார். வாத்தியாரின் அம்மா என் அப்பாவைப் பார்த்தார்.

"நாலாப்புப் படிச்சவன்னுதானே சொன்னீக? அதுக்கே இம்புட்டு வாயா?"

வாத்தியார் பேப்பரை வாங்கி நிதானமாகப் பார்த்தார். எரிமலை எப்படி வெடிக்கும், எப்படி அணையும், வாய் ஏன் வட்டமாக இருக்கும் என்று வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அப்படியானால் இந்தச் சடங்கு எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கு நம்பிக்கை இல்ல. அம்மாவுக்காகச் செஞ்சுருவோம். செத்த நேரத்து வேலைதானே."

ஜோசியருக்கு அது பிழைப்பு. அந்த அம்மாவுக்குப் பிள்ளையின் உயிர் மேல் பயம். இவருக்கு ஒன்றுமில்லை. கல் என்று தெரிந்துகொண்டே என்னைக் கழுத்தை நீட்டச் சொன்னார். அவ்வளவு கோபம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

"உங்க அம்மாவுக்காக நான் தாலி அறுக்கமாட்டேன்."

அப்பா என் கையைப் பிடித்தார். "ஒரு மஞ்சக் கயிறுதான் தாயி. இதை விட்டா இனி யாரும் வரமாட்டாக."

"வரவேணாம்."

கரையிலிருந்து இறங்கினேன். யாரும் பின்னால் வரவில்லை. கட்டியிருந்த புதுச்சேலையோடு பஸ் ஏறிக் கிட்டங்கிக்குப் போனேன். அன்று நான் கிழித்ததில் பாதி இலை நாசம்.

வாத்தியார் அதே ஆவணியில் வேறு இடத்தில் கட்டினார். எனக்கு அதன் பிறகு யாரும் வரவில்லை. அப்பா சொன்னது சரிதான். மாதக்கணக்கில் அவர் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார். பிறகு பேசினார், அதைப் பற்றி மட்டும் பேசாமலே போய்ச் சேர்ந்தார்.

அக்கா ஒரு தடவை கேட்டாள், வேண்டாம் என்று சொல்லும்போது பயமாக இல்லையா என்று. இல்லை என்றேன். அது பொய்.