போனைத் தூக்கினால் நிற்கும் குதிரை

குதிரை பார்க்கிற வேலையில் பாதி நாள் சாணி அள்ளுவதில் போகும், மீதி நாள் "கடிக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில் போகும். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பழைய துரை பங்களாவை இப்போது ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே இருக்கிற ஒரே மட்டக்குதிரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெயர் கேசரி. நிறத்தைப் பார்த்து எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பிள்ளையையும் குதிரையையும் ஒன்றாக ஒரு ஹோர்ஸ் ஷோவுக்குத் தயார்செய்து பார்த்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சுதான் விடுவீர்கள். குதிரையே பார்க்காதவர்களும் வீட்டில் ஓர் ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களானால் என் கூட்டம்தான்.

கேசரி படித்த படிப்பு

ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்குச் சவாரி முக்கியமில்லை, படம்தான் முக்கியம். கேசரியோ ஆரம்பத்தில் ஒரு நொடி நிற்காது. எடுக்கிற படத்திலெல்லாம் வால் இருக்கும், தலை இருக்காது. வாடிக்கையாளர் முகம் சுளித்தால் மெனேஜர் மிஸ் என் முகத்தைப் பார்ப்பார். அதனால் நானே ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தேன். யாராவது போனைத் தூக்கினால் அப்படியே நின்று கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்த்தால் என் பையிலிருந்து ஒரு துண்டு கேரட். நான் பள்ளிக்கூடத்தில் எதையும் இவ்வளவு சீக்கிரம் படித்ததில்லை.

படித்தது அளவுக்கு மீறிப்போனதுதான் கஷ்டம். மாடியில் யாராவது சிக்னல் தேடிப் போனைத் தூக்கினாலும் நடுப்பாதையில் நின்று கழுத்தைத் திருப்பும். முதுகில் இருக்கிற ஆள் அழுதாலும் அசையாது. கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் இரண்டு பையன்களும் படத்துக்கு நிற்காமல் ஓடுவதையும் கேசரி நிற்பதையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "அண்ணே, இத எங்க வீட்டு ரெண்டுக்கும் சொல்லிக் குடுங்களேன். கேரட்ட நானே வாங்கித் தாறேன்."

மேடத்தின் சந்தேகம்

என் மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேசரிமேல்தான் இருப்பாள். கடிவாளத்தை இழுக்காமல் முழங்காலாலேயே திருப்புவாள். அதைப் பார்த்த மெனேஜர் மிஸ், பண்டாரவளையில் நடக்கப்போகிற ஹோர்ஸ் ஷோவில் சின்னப் பிள்ளைகள் பிரிவுக்கு இரண்டு பேரையும் அனுப்பலாம் என்றார். மைதானத்தைச் சுற்றி நடையும் பெருநடையுமாக வர வேண்டும், கழிகளுக்கு நடுவே வளைந்து போக வேண்டும், இடையில் நின்றால் போச்சு. நான் பயந்தது அந்தக் கடைசி விதிக்கு. தர்ஷினி கேட்டது வேறு: அம்மா பார்ப்பார்களா?

அவள் அம்மா செல்வராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருசமாகிறது. இரண்டு தடவை வருகிறேன் என்று சொல்லி இரண்டு தடவையும் தள்ளிப்போனது. வீடியோ எடுத்து அனுப்பலாம் என்றேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டி முடித்தபிறகு பார்த்தால் அது முடிந்துபோன விசயம்தானே, நான் ஓட்டும்போதே அம்மா பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். செல்வராணி அந்த வீட்டில் எதையும் கேட்டு வாங்கும் ஆள் இல்லை. இதைக் கேட்பதற்கே அவளுக்குப் பல நாள் பிடித்தது. கடைசியில் ஒருநாள் பேசினாள். ஷோ அன்று காலையில் கொஞ்ச நேரம் போனில் இருக்க அந்த வீட்டு மேடம் விட்டுவிட்டாராம், ஆனால் மேடத்துக்கு ஒரு சந்தேகமாம். "'வீட்டில குதிரை வச்சிருக்கிறவ எதுக்கு இங்க வந்து பாத்திரம் கழுவுற'ன்னு கேக்கிறாங்க. நான் என்னத்தங்க சொல்றது?"

ஹமீது நானா கடைக் கோட்டு

போட்டிக்குக் கறுப்புக் கோட்டுப் போட வேண்டுமாம். பள்ளிக்கூடச் சப்பாத்து போதும், தொப்பியை ஹோட்டல் தரும், கோட்டுக்கு எங்கே போவது? பண்டாரவளையில் ஹமீது நானா கடையில் இல்லாத துணி இல்லை என்பார்கள். அங்கேயும் குதிரையேறும் பிள்ளைக்குக் கோட்டு இல்லை. நானா அசரவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கிற பையன்களின் கோட்டுகளை வரிசையாக எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் கழுத்துப் பட்டி பளபளவென்று மின்னியது. ஒன்றைப் போட்டதும் தர்ஷினி கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மணவறைக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தாள்.

நானா அந்தப் பட்டியைப் பிரித்து எடுத்தார், மின்னுகிற பொத்தான்களை அறுத்துவிட்டுச் சாதாரணப் பொத்தான் வைத்தார். இது போதும் நானா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் கேட்க, குவைத்திலிருந்து இவள் அம்மா போனில் பார்க்கப்போகிறாள் என்று சொன்னேன். அவ்வளவுதான், கோட்டைத் திரும்பவும் கழற்றச் சொன்னார். தோள்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும் என்றார். எனக்கு ஒன்றும் தூக்கியதாகத் தெரியவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "வாப்பாமாருக்கு வெளங்காது தம்பி. உம்மா கண்ணுக்கு, குவைத்தில இருந்தாலும் தோள் தையல் தெரியும்."

பெரட்டுக் களத்தில் பயிற்சி

ஷோ என்றால் பார்க்க வருகிறவன் எல்லாம் போனைத் தூக்குவான். கேசரி ஒவ்வொருவனுக்கும் நின்று கழுத்தைத் திருப்பினால் விடிந்தாலும் ஒரு சுற்று முடியாது. சொல்லிக்கொடுத்த வித்தையை மறக்கடிக்க வேண்டும். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக் களம் மாலையில் சும்மாதான் கிடக்கும். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்களைப் பிடித்து, களத்தைச் சுற்றி நிற்கச்சொல்லிக் கும்பிட்டேன். ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சார்ஜ் இல்லாத போனையும் தூக்கினார்கள். போன் இல்லாத ஓர் அக்கா சோற்றுப் பெட்டி மூடியைத் தூக்கினாள். கேசரி அதற்கும் நின்றது.

நிற்காமல் போனால் மட்டும் தர்ஷினி கேரட் கொடுப்பாள். கை வலிக்கிறது, வீட்டில் சமைக்க வேண்டும் என்று திட்டிக்கொண்டே அந்தப் பெண்கள் வாரக்கணக்கில் வந்தார்கள். மெல்ல மெல்லக் கேசரி யாருடைய போனையும் சட்டைபண்ணாமல் போகப் பழகியது. என் போனைத் தவிர. நான் தூக்கினால் எந்த ஓட்டத்திலும் நின்றுவிடும். சட்டையை மாற்றிப் பார்த்தேன், போனை மாற்றிப் பார்த்தேன், கூட்டத்துக்குள் ஒளிந்து நின்றும் பார்த்தேன். எங்கே நின்றாலும் கண்டுபிடித்து, நின்று, கழுத்தைத் திருப்பும். ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிற பியசேன, மதில்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னான்: "அண்ணன், போன் பிரச்சின இல்ல. நீங்கதான் பிரச்சின. அன்னிக்கு போன நான் புடிக்கிறன், நீங்க எங்கயாவது ஒளிஞ்சிக்கோங்க."

இரண்டு சடை

ஷோவுக்குக் குதிரையின் பிடரி மயிரைப் பின்னிக் கட்ட வேண்டும். மெனேஜர் மிஸ் ஒரு வீடியோ காட்டினார். பார்த்துப் பார்த்து, தண்ணீர் தொட்டு, சின்னச் சின்னச் சடையாகப் பின்னி நூலால் கட்டினேன். கேசரி முழுங்கிவிடப் பார்த்த நூலையும் வாயிலிருந்து இழுத்தெடுத்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு தர்ஷினிக்கு. அவளுக்குத் தொப்பிக்குள் அடங்குகிற மாதிரி ஒரே சடை போதும். ஒரு பக்கம் இறுகியது, ஒரு பக்கம் தொங்கியது. அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். முன்னைவிட மோசமாக வந்தது.

செல்வராணி பின்னினால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னுவாள். சடை முடிந்ததே பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு அப்போது அவள் கை வேண்டும்போல் இருந்தது, சடைக்கு மட்டுமில்லை. இந்த லயத்து அறையில் அவள் நிற்கிற இடம், உட்காருகிற இடம் எல்லாம் அப்படியே காலியாகத்தான் இருக்கிறது. அங்கே யாரும் உட்காருவதில்லை. நான் நூலைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நின்றுவிட்டதைக் கவனித்த மகள், பின்னந்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பரவாயில்லப்பா. குதிரைக்கு நேரா வந்திருக்கு."

குடைகள்

காய்கறி லொறியில் கேசரியை ஏற்றிப் பண்டாரவளைக்குப் போய்ச் சேர்ந்தோம். திட்டம் இதுதான்: பியசேன மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் முன்வரிசையில் போனோடு நிற்பான், நான் லொறிக்குப் பின்னால் நிற்பேன். தர்ஷினியின் முறை வந்தபோது செல்வராணியும் சரியாகப் போனில் வந்துவிட்டாள். பியசேன முன்னுக்குப் போகுமுன் அவள் குரலை ஸ்பீக்கரில் கேட்டேன். கேசரி உள்ளே போனது. ஒலிபெருக்கியில் நடை என்றார்கள், நடந்தது. பெருநடை என்றார்கள், துள்ளிப் போனது. சுற்றிலும் எத்தனையோ போன்கள். ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் லொறி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு மிச்சமிருக்கிற தூரத்தை எண்ணினேன்.

அப்போதுதான் தூறல் விழுந்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாரும் குடையை விரித்தார்கள். பியசேன குள்ளம். இடித்துத் தள்ளியதில் லொறிப் பக்கம்வரை பின்னுக்கு வந்துவிட்டான். கையை எவ்வளவு உயர்த்தியும் போனுக்குள் குடைதான் போனது. "தெரியலங்க," என்றாள் செல்வராணி. பிறகு, மேடம் கூப்பிடுகிறார், போக வேண்டும் என்றாள். பிறகு திரும்பவும், "ஒன்னுமே தெரியலங்க." நான் லொறிக்குப் பின்னாலிருந்து ஓடிப்போய்ப் போனை வாங்கிக்கொண்டேன். கூட்டத்தைப் பிளந்து கயிற்றுப் பக்கம் வந்துவிட்டேன். வந்தேனே தவிர, தூக்க முடியவில்லை. இன்னும் பாதிச் சுற்றுத்தான். கழிகளைக்கூட வளைந்து முடித்துவிட்டார்கள். போனை இடுப்போடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

தர்ஷினி என்னைப் பார்த்துவிட்டாள். என் கையையும் பார்த்தாள். கேசரி என்னைக் கடக்கிற நேரம், சத்தம் போடாமல், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரிச் சொன்னாள், "தூக்குங்கப்பா." தூக்கினேன். கேசரி நின்றது. கழுத்தைத் திருப்பியது. கூட்டம் சிரித்தது, நடுவர் தன் பேனாவை மூடினார். என் பிள்ளை மழையில் நிமிர்ந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு வருசமாகச் செல்வராணி அந்தப் போனில் பார்த்ததெல்லாம் மகளின் முகத்தைத்தான். எங்கள் அறையில் தள்ளி நின்று முழு ஆளையும் காட்ட இடம் கிடையாது, எங்களுக்குத் தோன்றியதும் கிடையாது. பிறகு அவள் குரல் வந்தது: "ஏங்க... இவ காலு எப்பங்க இவ்வளவு நீளமாச்சு?"

ஒரு குதிரையை நிறுத்தத் தெரிந்த எனக்கு, பிள்ளை வளர்வதை அவள் அம்மா வந்து சேரும்வரை கொஞ்சம் நிறுத்தி வைக்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள்.